ஸக்கியாவுக்கு வந்த இருட்டு வீடியோ

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கள் பேக்கரியில் கேக்குகளுக்கு ஐசிங் போடுகிறவள் ஸக்கியா. நான் முன்னால் கவுண்டரில் நின்று பாணும் மீன் பணிசும் விற்பேன். அவள் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று ரோஜாப்பூப் போடுவாள். ஏழு வருடமாக இப்படித்தான்.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. மா பிசையும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி நாங்களெல்லாம் பின்னேரம் தொண்டை கட்டிப்போய் நிற்கும்போது, அவள் மட்டும் காலையில் வந்த மாதிரியே இருப்பாள். பிறந்தநாள் கேக்கில் எழுத வேண்டியதை வாடிக்கையாளர்கள் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். ‘பிறந்த நால்’ என்று எழுதியிருந்தாலும் அவள் திருத்தித்தான் எழுதுவாள். அதைக் காட்டி என்னிடம் முகத்தைச் சுளிப்பாள், எழுதிக் கொடுத்தவன் நான் என்பது போல.

எங்களுக்கெல்லாம் கையாலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறாள். முதலாளியின் பெயர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது. சிரிக்கும்போது நான் வாயைப் பொத்துவேனாம், ஆகவே என் பெயர் வாயைப் பொத்துவது. தனுஜா என்ற என் பெயர் அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

முதல் வருடம் நாங்கள் எழுதித்தான் பேசினோம். எழுத்து அவளுக்குச் சுற்றுப்பாதை. ஆறு வயதில் காது கேளாத பிள்ளைகளின் பாடசாலை விடுதிக்குப் போய், பத்து வருடம் அங்கே இருந்து, சைகை மொழியில் வளர்ந்தவள். அவள் யோசிப்பதும் கோபப்படுவதும் பகிடி விடுவதும் அந்த மொழியில்தான். தேநீர் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் அதைப் பழக்கினாள். இன்றைக்கும் எனக்கு முக்கால்வாசிதான் விளங்கும். இனி வரும் இடங்களில் அவள் கையால் சொன்னதை நான் என் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில்தான் எழுத முடியும். அவளுடைய கை அதைவிட நன்றாகப் பேசும்.

வீட்டில் உம்மா றம்லத்தும், ஹார்ட்வெயார்க் கடை நடத்தும் அண்ணன் றவூப் நானாவின் குடும்பமும். வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருடம். உம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் வீட்டுச் சைகைகள் கொஞ்சம் உண்டு. சாப்பிடு, வா, மழை, உடுப்பை எடு, நானா கோபமாக இருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவளுக்கு முப்பத்தொரு வயதாகும்வரை இரண்டு சம்பந்தங்கள் வந்தன. முதலில் வந்தவர்கள் ஆறு பேர். இரண்டு மணி நேரம் உம்மாவோடும் நானாவோடும் பேசி, பிஸ்கட் சாப்பிட்டு எழுந்து போனார்கள். அவளை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது வந்த மாப்பிள்ளை, பாவம் என்று சொல்லிச் சம்மதித்தாராம். பாவம் என்ற சைகையை எனக்குக் காட்டிவிட்டு, கையில் எதுவோ ஒட்டியது போல அப்ரனில் துடைத்தாள். அதோடு ஒரு முடிவையும் சொன்னாள்.

"கையால பேசத் தெரிஞ்ச ஆள்னா பாக்குறேன். இல்லாட்டி கேக்கே போதும்."

போன வருடம் கடுகண்ணாவையிலிருந்து ஒரு பேச்சு வந்தது. பெயர் அரூஸ், வயது முப்பத்து நாலு. கண்டி வீதியோரம் அவருடைய அக்கா ஷஹ்மா ராத்தாவும் மச்சானும் நடத்தும் கடையில் ஓட்டோக்களுக்குக் குஷன் சீட் தைக்கிறவர். அவருக்கும் காது கேட்காது. ராத்தா ஷஹ்மாதான் றம்லத்துக்குப் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டார். ஸக்கியா ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்கள் நிறைந்த அறையில் தன்னால் ஒன்றையும் கேட்க முடியாது, முதலில் அவர் தன்னைப் பற்றி ஒரு வீடியோவில் சொல்லி அனுப்பட்டும் என்றாள்.

றவூப் நானாவுக்கு அது பிடிக்கவில்லை. உம்மாதான் சரி என்றார்.

"ஆறு பேர் வந்து பிஸ்கட் திண்டுட்டுப் போறதவிட இது நல்லம்."

வீடியோ வந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். ஸக்கியாவிடம் டெப் என்கிற ஒரு டெப்லட் இருந்தது. கொரோனாக் காலத்தில் றவூப் நானாவின் மகளுடைய ஒன்லைன் வகுப்புக்கு வாங்கியது, அவள் கைக்குப் போன் வந்ததும் மாமி ஸக்கியாவுக்கு வந்து சேர்ந்தது. அறைக் கதவைச் சாத்தி, டெப்பைத் தலையணையில் சாய்த்து வைத்து, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தாளாம்.

திரையில் ஆள் இல்லை. ஆளின் வடிவத்தில் ஒரு கறுப்பு இருந்தது.

கடை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். வெளியே ரோடு வெயிலில் பளபளக்கிறது. போகிற பஸ்ஸின் நிறம் தெரிகிறது, எதிர்ப்பக்கத்து விளம்பரப் பலகையின் எழுத்துக்கூடத் தெரிகிறது. முகம் தெரியவில்லை. கறுப்புச் சட்டை வேறு. கை நெஞ்சுக்கு முன்னால் இருக்கும்வரை கறுப்புக்குள் கறுப்பாகக் கரைந்து போயிற்று. உடம்பை விட்டு வெளியே நீண்டபோது மட்டும் அதன் விளிம்பு தெரிந்தது. நாலு நிமிடப் பேச்சில் அவளுக்குக் கிடைத்தது அந்த விளிம்புகள் மட்டும்தான்.

ஏழு தரம் பார்த்தாள். ஒரு இடத்தில் மூன்று விரல் தலைக்கு மேலே உயர்ந்தது. பிறகு கை பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை கவிழ்ந்து, முழங்கால் உயரத்தில் நின்றது. பிறகு இடுப்பு உயரத்தில். பிறகு இன்னும் ஒரு சாண் மேலே. கடைசியில் கை ரோட்டுப் பக்கம் நீண்டு தூரமாகப் போயிற்று.

மூன்று பிள்ளைகள். சின்னது, நடு, பெரியது. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் எழுந்து நேரே குசினிக்குப் போய் உம்மாவிடம் அதே மூன்று விரலையும் மூன்று உயரத்தையும் காட்டினாள். அதை விளங்கிக்கொள்ள எந்தப் பாடசாலைக்கும் போகத் தேவையில்லை. றம்லத் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ஷஹ்மா, இப்பிடி மறச்சிட்டீங்களே எங்களுக்கிட்ட. தம்பிக்கு மூணு புள்ள ஈக்காமே?"

"யா அல்லாஹ்! யாரு மாமி சென்ன?"

"அவரேதான் சென்னாரு. கையால."

"அவன் இன்னும் கலியாணமே முடிக்கல்லயே!"

தம்பியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தபோது ஷஹ்மாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியதாம்.

"மாமி, அது புள்ள இல்ல, சீட்டு! ஒரு நாளைக்கு மூணு சீட் முடிக்கிறானாம். ஓட்றவர்ட சீட் பணிவு, பின் சீட் கொஞ்சம் உயரம், சாயிற பக்கம் இன்னம் உயரம். தச்சி முடிச்சா ஓட்டோ ரோட்டால போயிரும். அதத்தான் காட்டீக்கான்."

உம்மா சிரித்தார். நானாவும் சிரித்தார். ஸக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் நாலு நிமிடம் தன்னோடு பேசியிருக்கிறார், தனக்கு மூன்று சீட்டுக்கு மேல் விளங்கவில்லை என்பதுதான் அவளுக்கு உறைத்தது. திரையின் வெளிச்சத்தை விரலால் கடைசிவரை தள்ளினாள். கூடியது. இரண்டு நிமிடத்தில் தானாகவே குறைந்தது. மறுபடி தள்ளினாள், மறுபடி குறைந்தது.

"பழசு அது. வீசிட்டு வேற பாப்போம்" என்றார் றவூப் நானா.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில், நான் சோற்றுப் பார்சலைப் பிரிக்க முன்னால், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாலு கடை தள்ளி கணேஸ் அண்ணனின் போன் திருத்தும் கடை. அவர் தினமும் கலஹாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என்னைப் போலத் தோட்டத்து ஆள் என்பதால் எனக்கு நல்ல பழக்கம்.

டெப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எத்தன நாளா இப்பிடி இருட்டா இருக்கு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? டெப் அவளோடது. அவகிட்டக் கேளுங்க."

"இல்ல, அவங்களுக்கு…"

"காதுதான் கேக்காது. நீங்க கேட்டா பதில் சொல்லுவா."

கணேஸ் அண்ணன் வெட்கப்பட்டுப்போனார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தே பேசினார். விரலால் காட்டினார், துண்டில் எழுதினார், அவளும் எழுதினாள். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி போட்டுக் கிடந்தது. அவள் பார்த்ததோ இருண்ட அறையில். அதை நிறுத்தினார். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வசதியும் போட்டிருந்தது, அதையும் நிறுத்தினார். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ திரைக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். அதை எடுத்ததும் சுவர்ப்படத்தில் இருந்த கடல் நீலமாக மாறியது. ஸக்கியா என் தோளில் ஒரு அடி போட்டாள். அத்தனை நாளும் அது தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்ததாம்.

பிறகு டெப்பைச் சரித்துப் பிடித்துப் பார்த்து, கணேஸ் அண்ணன் சிரித்தார்.

"இந்தக் கண்ணாடிய யாரு ஒட்டுனது? நேராப் பாக்குறவங்களுக்கு மட்டுந்தான் தெரியும், பக்கத்துல இருந்தா ஒன்னும் தெரியாது. ஒட்டுனாலே பாதி வெளிச்சம் போயிரும்."

வகுப்பு நேரத்தில் கேம் விளையாடுவது தன் உம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று நானாவின் மகள் ஒட்டிய கண்ணாடி அது. அண்ணன் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, சர்ரென்று உரித்தார். திரை புதுசு மாதிரி இருந்தது. ஸக்கியா அவசர அவசரமாக வீடியோவைத் திறந்தாள். ரோடு முன்னையும்விடப் பிரகாசமாக இருந்தது. பஸ் அழகாகப் போனது. அரூஸ் இன்னும் கறுப்பாகவே உட்கார்ந்திருந்தார்.

"டெப்புக்கு ஒரு வருத்தமும் கோளாறும் இல்ல" என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்த்து மெதுவாக. "வருத்தம் வீடியோவுல. போன் கெமரா பின்னாடி இருக்குற வெயிலப் பாத்து, ஐயோ வெளிச்சம் கூடிருச்சேன்னு எல்லாத்தையும் கொறைச்சிருச்சு. ஆள் இருட்டுல மாட்டிக்கிட்டாரு."

அதை நான் சைகையில் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள். அண்ணனுக்கு எங்களை அப்படியே திருப்பி அனுப்ப மனம் வரவில்லை போலிருக்கிறது. வீடியோவை வேறொரு செயலியில் போட்டு, வெளிச்சமான இடத்தைத் தொடாமல் இருண்ட இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். கறுப்பு சாம்பலானது. சாம்பலுக்குள் புள்ளி புள்ளியாக, மழைக்குள் நிற்கிற ஆள் போல, ஒரு முகம் வந்தது. தாடி இருந்தது. முன்பல்லில் ஒரு இடைவெளி இருந்தது, சிரித்ததால் தெரிந்தது.

"மாப்பிள்ளையா?" என்று கேட்டார் கணேஸ் அண்ணன்.

அந்தக் கேள்வி மட்டும் அவளுக்கு உதட்டைப் பார்த்தே விளங்கிவிட்டது. டெப்பைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடை மூலைக்குப் போய்விட்டாள். முதுகைக் காட்டி நின்று முழுவதையும் பார்த்தாள். புள்ளிகளுக்குள் பல சைகைகள் உடைந்துதான் கிடந்தன. ஒன்று மட்டும் முழுதாகக் கிடைத்தது. பேக்கரிக்குத் திரும்பும்போது நடைபாதையில் நின்று அதை எனக்குச் சொன்னாள்.

"பயமா இருக்குன்னு சொல்றாரு. இத அனுப்பவே பயமா இருக்குதாம்."

அன்றைக்குப் பின்னேரம் அவள் போட்ட ரோஜாப்பூக்களில் ஒன்றும் ஒரே அளவில் இல்லை.

பதில் வீடியோ எடுத்தது அடுத்த செவ்வாய்க்கிழமை, முதலாளி பகல் லுஹர் தொழுகைக்குப் போன நேரத்தில். டெப்பைப் பிடித்தது நான். ஸக்கியா அதற்கு முன்னால் பெரிய ஆயத்தம் செய்தாள். பூப்போட்ட அப்ரனைக் கழற்றினாள், பூவுக்குள் கை தொலைந்துவிடுமாம். வெள்ளை அப்ரனைக் கட்டினாள். தெருப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து நின்றாள், வெளிச்சம் முகத்தில் விழுந்தது. மேசையில் இரண்டு சின்னச் சொக்லேட் கேக் வைத்தாள். ஒன்றில் அதே சொக்லேட் நிற ஐசிங்கால் ஏதோ எழுதியிருந்தாள். மற்றதில் வெள்ளை ஐசிங்கால் எழுதியிருந்தாள். முதல் கேக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுதா? தெரியல்ல. ஆனா எழுதியிருக்கு. இது உங்க வீடியோ."

அடுத்ததைத் தூக்கினாள். அதில் ஸக்கியா என்று எழுதியிருந்தது.

"இது நான். வெள்ளையில எழுதுனதால தெரியுது. நீங்க ரோட்டுக்கு முதுகக் காட்டாதீங்க, ரோட்டப் பாத்து உக்காருங்க. கறுப்புச் சட்டையக் கழட்டி வைங்க. மறுபடியும் முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லுங்க. உங்களுக்கு மூணு புள்ள இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டோம். மிச்சம் ஒன்னும் தெரியாது."

முடிந்தது என்று நினைத்து நான் டெப்பை இறக்கப் போனேன். அவள் தலையை அசைத்துத் தடுத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, சின்னதாக, நெஞ்சுக்குக் கிட்டவே கையை வைத்துச் சொன்னாள்.

"பயம்னு சொன்னது மட்டும் தெரிஞ்சுது. எனக்கும்தான்."

கேக் இரண்டையும் நாங்களே சாப்பிட்டோம். முதலாளி திரும்பி வந்து கேட்டபோது இரண்டு பேர் வாயும் நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அரூஸின் இரண்டாவது வீடியோ வந்தது. பேக்கரியிலேயே திறந்தாள், நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். இந்த முறை மனுஷன் ஒரு குறையும் வைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர். உச்சி வெயில் போதாது என்று கடையில் இருந்த இரண்டு பெரிய மின்விளக்கையும் தன் முகத்துக்கு நேரே வைத்திருந்தார். முகமும் கையும் வெளிச்சத்தில் வெளுத்துப்போய், மூக்கும் புருவமும் மங்கி, உரித்த முட்டை மாதிரி இருந்தார். விளக்கின் கூச்சம் தாங்காமல் கண்ணை இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சைகை மொழியில் முகம்தான் குரல். கேள்வியா பதிலா, பகிடியா கோபமா என்பதைப் புருவமும் வாயும்தான் சொல்லும். அரூஸ் பல்வலிக்காரனின் முகத்தோடு, "உங்க கேக் பாக்க ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். செத்த வீட்டுக்குப் போனவரின் முகத்தோடு, "உங்களப் பாத்தது சந்தோஷம்" என்றார்.

ஸக்கியா சிரித்தாள். அவள் சிரிப்பு பெரிய சத்தம், எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். பாண் வாங்க நின்ற ஒரு பெரியவர் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

மூன்றாவது வீடியோவில்தான் எல்லாம் சரியாக வந்தது. காலையில், கடை திறக்க முன்னால், நிழலில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்து எடுத்தது. நீலச் சட்டை. பதினொரு நிமிடம். முதல் அரை நிமிடம் எனக்குக் காட்டினாள், பிறகு டெப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த எதையும் எனக்குக் காட்டவில்லை. ஒன்றரை மாதம் நாளுக்கு ஒன்று வந்தது, நாளுக்கு ஒன்று போனது. அவர் தோல் துண்டுகளை வெட்டிக்கொண்டே கதை சொல்வாராம். கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்குவதை அவர் முகத்தால் செய்து காட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடுகண்ணாவைக்காரர்கள் வந்தார்கள். அரூஸ், ராத்தா ஷஹ்மா, மச்சான், மூன்று பேர்தான். இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று றவூப் நானா என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் கதவோரம் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன்.

ஸக்கியா தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரூஸ் எதிர்ச் சுவரோரம். இரண்டு பேரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அறையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, மற்றவர்களின் தலைக்கு மேலால், பேச்சு தொடங்கியது. கைகள் அப்படி ஓடின. என்னால் பாதியைத்தான் பிடிக்க முடிந்தது. காது கேட்கிற மற்ற நாலு பேரும், டெனிஸ் பார்க்கிறவர்கள் மாதிரி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். தேநீர் ஆறியது.

"தனுஜா, என்ன செல்றாங்க?" என்று றவூப் நானா குனிந்து கேட்டார்.

"வேலையப் பத்தி."

ஐந்து நிமிடம் கழித்து, "இப்ப?" என்றார்.

"இப்பவும் வேலையப் பத்திதான் நானா."

நான் முழுப் பொய் சொல்லவில்லை. வேலையைப் பற்றித்தான், ஆனால் அது சண்டைக்குக் கிட்ட வந்திருந்தது. கடைக்கு மேலே இரண்டு அறை இருக்கிறது, கலியாணம் முடிந்ததும் அங்கே இருக்கலாம் என்று அரூஸ் சொன்னார். பேக்கரி என்றாள் இவள். பஸ் இருக்கிறதே என்றார் அவர். இரண்டு பஸ் ஏற வேண்டும், காலை ஆறு மணிக்கு ஐசிங் தொடங்க வேண்டும், பெருநாள் காலத்தில் ஐந்து மணி என்றாள் இவள். பிறகு கையை நிறுத்தி, நேராகப் பார்த்து, ஒன்று கேட்டாள்.

"நீங்க உங்க வேலைய விடுவீங்களா?"

அரூஸ் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து போய்விட்டார்.

எல்லாரும் கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தோம்.

"எங்க போறான் இவன்?" என்று ஷஹ்மா எழுந்தார். றம்லத் உம்மா என்னைப் பார்த்தார். றவூப் நானாவும் என்னைப் பார்த்தார். ஸக்கியா யாரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்டது தப்பென்று நினைக்கிறாயா என்று நான் கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள்.

இருபத்தைந்து நிமிடத்தில் அவர் திரும்பி வந்தார். வியர்த்து வடிந்தது. வாசலில் நின்றபடியே, எல்லாரையும் விட்டுவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு நான் ஒரு சொல் விடாமல் சத்தமாக மொழிபெயர்த்த ஒரே பேச்சு அதுதான்.

"பாலத்தடி ஓட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ப் பாத்தேன். நாப்பத்தியொரு வண்டி நிக்குது. ஒன்னு விடாமக் குனிஞ்சு சீட்டப் பாத்தேன், என்னக் கள்ளன்னு நெனைச்சுட்டாங்க. பதினேழு சீட்டு கிழிஞ்சு கெடக்கு. ஆறு சீட்டத் தச்சவனுக்குத் தைக்கவே தெரியாது. இந்த ஊர்லயும் எனக்கு வேலை இருக்கு."

ஸக்கியா அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தாள். றம்லத் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஷஹ்மாவுக்குத்தான் முகம் வாடியது. இத்தனை வருடம் கூடவே வைத்திருந்த தம்பி.

"அப்ப எங்கட கடைய யாரு பாக்குற?" என்றார்.

அவர் கணவர் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். "நாங்க பாத்துக்குவோம். இங்கயும் ஒரு கடை ஈந்தா நல்லந்தானே" என்றார்.

"எங்கட ஹார்ட்வெயாருக்குப் பின்னால சாமான் போட்ற அறை ஒண்ணு ஈக்கு" என்றார் றவூப் நானா, யாரும் கேட்காமலே. டெப்பை வீசச் சொன்ன அதே மனுஷன்தான்.

மூன்று மாதம் கழித்து நிக்காஹ். மாப்பிள்ளை வாயால் சம்மதம் சொல்ல மாட்டாரே, செல்லுபடியாகுமா என்று சொந்தக்காரர் சிலர் கவலைப்பட்டார்கள். மௌலவி அதை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். "கையால சென்னாலும் சென்னதுதான்."

ஆண்கள் மண்டபத்தில், பெண்கள் பக்கத்து அறையில். ஸக்கியாவுக்கு அந்தக் கணத்தைப் பார்க்க வேண்டும் என்று, மண்டபத்தில் ஒருவர் போனைப் பிடிக்க, இந்தப் பக்கம் நான் டெப்பைப் பிடித்தேன். படம் வந்தது. மண்டபத்தில் ஊதா நிறத்தில் அலங்கார விளக்கு எரிந்தது. அரூஸின் சட்டை ஊதா, முகம் ஊதா, கை ஊதா. கழுத்து நிறைய நகையும் கை நிறைய மருதாணியுமாக இருந்த மணப்பெண் என்னைப் பார்த்து ஒரே ஒரு சைகை காட்டினாள். நான் கதவிடுக்கால் தலையை நீட்டி றவூப் நானாவைக் கூப்பிட்டேன்.

"நானா, அந்த ஊதா லைட்ட நிப்பாட்டச் சொல்லுங்க! பொண்ணுக்கு மாப்பிள்ளையோட கை தெரியல்லயாம்!"

நிக்காஹ் மூன்று நிமிடம் நின்றது. விளக்குக்காரரைத் தேடிப் பிடித்து வெள்ளை விளக்கைப் போடவைத்தார்கள். பிறகு மௌலவி கேட்டார், சைகை தெரிந்த, காது கேட்கிற கூட்டாளி ஒருவர் அதைக் கையால் சொன்னார். அரூஸ் தோளுக்கு வெளியே, பெரிதாக, தெளிவாக, ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னார். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த, அரூஸின் காது கேளாத கூட்டாளிகள் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். பெண்கள் அறையில் ஸக்கியாவின் சிநேகிதிகளும் ஆட்டினார்கள். நானும் ஆட்டப் போய், டெப் கையில் இருப்பது ஞாபகம் வந்து ஒரு கையால் ஆட்டினேன்.

இப்போது அரூஸ் ஹார்ட்வெயார்க் கடைக்குப் பின்னால் சீட் தைக்கிறார். அந்தப் பதினேழில் பன்னிரண்டு அவர் கைக்கு வந்துவிட்டது. ஸக்கியா காலை ஆறு மணிக்கு ஐசிங் தொடங்கிவிடுகிறாள். இரண்டு பேரும் நன்றாகச் சண்டையும் பிடிப்பார்கள். போன கிழமை நான் போனபோது ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் வாங்கி வந்த மீன் பழசாம். ஸக்கியா கை வலிக்கப் பேசினாள். அரூஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் அவள் சொல்வது ஒன்றும் அவருக்குப் போகாது. அவள் சளைக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய கையை எடுத்து, உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக எழுத ஆரம்பித்தாள். மீன் என்ற சொல்லை முடிப்பதற்குள் அவருக்குக் கூசி, சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்துவிட்டார்.